கொர்னேலியஸ் வீட்டு ஸ்பெயின்

"எங்கிருந்தோ வந்து என் அடுப்படியிலதான் கிளறணுமா? உனக்கு வேற இடமே கெடைக்கலையா?"

உர்சுலா கோழியைத்தான் திட்டினாள். ஆனால் கோழி கொல்லையில் வாழையடியில் படுத்திருந்தது. அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நாத்தனார் ரோசலின்.

ரோசலின் தேங்காய் மூடியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், வேலியோரம் கட்டியிருந்த தன் வெள்ளாட்டின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"கேட்டியாடி? நாம கிளறக் கூடாதாம். யாரு முந்தி வந்தா, யாரு பிந்தி வந்தான்னு ஒரு மட்டு மரியாதை வேணாம்?"

ஆடு தழையை மென்றது.

வாசல் நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த கொர்னேலியஸ் கண்ணை மூடிக்கொண்டார். உர்சுலா அவர் மனைவி. ரோசலின் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா. புருஷன் போனபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். இத்தனை வருஷம் ஒரே பாயில் உட்கார்ந்து ஒருத்தி தலையை ஒருத்தி வாரிவிட்டவர்கள், மீன் குழம்பில் தேங்காய்ப்பால் ஊற்றுவதா கூடாதா என்று ஒருநாள் ஆரம்பித்து இந்த நிலைக்கு வந்திருந்தார்கள். நேருக்கு நேர் ஒரு வார்த்தை கிடையாது. எல்லாம் கோழி வழியாகவும் ஆடு வழியாகவும்தான்.

கொர்னேலியஸ் ரயில்வே சரக்கு ஆபீசில் பெரிய கிராணியாக, தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் தலையசைக்காமல் அங்கே ஒரு மூட்டை அரிசி நகராது. ஓய்வு கொடுத்து மாலை போட்டு அனுப்பிய மறுநாளிலிருந்து எல்லா மூட்டைகளும் அவரைக் கேட்காமலே நகர்ந்தன. ரயில்வே வீட்டைக் காலி செய்து, பிரிக்ஃபீல்ட்ஸிலேயே ஒரு பலகை வீட்டுக்கு வந்து, யாரும் எடுக்க வராத பார்சல் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார். கேட்டால் "ம்" என்பார். கிளாங்கில் வாழ்க்கைப்பட்ட ஒரே மகள் சூசன் ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து, "ஏதாச்சும் பேசுங்களேம்பா" என்று கெஞ்சிவிட்டுப் போவாள். பிறகு இந்தச் சண்டை வந்தது. சும்மா உட்கார்ந்திருக்கவும் மனுஷனுக்கு நேரமில்லாமல் போயிற்று.

சாயங்காலம் அடுத்த வீட்டு நாகையா வந்தான். சண்டை வந்தபின் கொர்னேலியஸ் மனம்விட்டு வாய் திறப்பது இவனிடம் மட்டும்தான். ரயில் ஓட்டுபவன். காந்தி கட்சி.

"ஸ்பெயின்ல அடிச்சிக்கிறது ஸ்பெயின்காரன்னா நெனைக்கிற?" என்றார் கொர்னேலியஸ். "இந்தப் பக்கம் ஜெர்மன் துப்பாக்கி, அந்தப் பக்கம் ரஷ்யன் துப்பாக்கி. பெரியவனுங்க தன் வீட்டு மங்குத் தட்டு உடையக் கூடாதுன்னு அடுத்தவன் வீட்டுல போயி சண்டை போடுறானுங்க. இங்க மட்டும் என்ன? சண்டை சீனாவுல. நம்ம பாசார்ல ஜப்பான் மீன் டின் வச்சிருந்த கெழவன் கடையில கல்லு விழுது."

"அநியாயத்த எதுக்க வேணாமாண்ணே?"

"எதுக்கட்டும். எதுக்கறவன் தான் போயி நிக்கணும். அடுத்தவன தூண்டிவிடக் கூடாது. ராஜா இருக்காரு, கோயில் இருக்கு, வீட்டுக்குத் தலைவன்னு ஒருத்தன் இருக்கான். இருக்குற ஏற்பாட்ட வெளியாளு வந்து கலைச்சா, அப்புறம் யாராலயும் ஒட்ட வைக்க முடியாது, தம்பி."

கொர்னேலியஸ் பழமைவாதி. அதை ஒளித்து வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. ஒரு ரப்பர் தோட்டத்தில் யாரோ ஒருவர் வந்து வேலைநிறுத்தத்தைக் கிளப்பிவிட்டு, காரியம் கெட்டதும் கப்பலேறிவிட்டார். வீடிழந்த குடும்பங்கள் சட்டி பானையோடு இவர் ஆபீஸ் வாசலில் மழையில் நின்றதை இவர் பார்த்திருக்கிறார். தூண்டிவிடுகிறவன் நனைவதில்லை என்பது அன்று அவர் மனசில் பதிந்தது.

நாகையா கொல்லைப் பக்கம் காது கொடுத்தான். கோழிக்கு இரண்டாம் சுற்று நடந்துகொண்டிருந்தது.

"சரிண்ணே, உங்க வீட்டு ஸ்பெயினுக்கு யாரு துப்பாக்கி குடுக்குறா?"

அன்று இரவு முழுக்க அந்தக் கேள்வி கொர்னேலியஸைக் குடைந்தது.

முதலில் ஆயுதத்தைப் பறிப்போம் என்று தீர்மானித்தார். கோழியை நாகையாவின் பெண்சாதி வீரம்மாவிடம் கொடுத்தார். ஆட்டைச் செந்தூல் பால்காரர் ஓட்டிக்கொண்டு போனார். வீடு அமைதியானது. கொர்னேலியஸ் வெற்றியோடு காப்பியை உறிஞ்சினார்.

உர்சுலா அவரையே பார்த்தாள்.

"சிலதுங்களுக்கு உக்காந்த எடத்துக்கே எல்லாம் வரணும். தின்ன தட்ட நகத்துனா கை தேஞ்சிடும்."

"நானா?" என்றார் கொர்னேலியஸ்.

"உன்னைச் சொல்லலடா," என்றாள் ரோசலின், அவரையே பார்த்தபடி. "உன்னைச் சொல்ற மாதிரி என்னையத்தான் சொல்றா. நீ ஏண்டா வாயில்லாப் பூச்சியா இருக்க? யாரோ தலையில ஏறி உக்காரட்டும்னு விட்டா இப்படித்தான்."

"அக்கா, இது என்னையா, அவளையா?"

ஆடு, கோழி இரண்டின் வேலையும் இப்போது தன் தலையில் விழுந்திருப்பது அவருக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

அடுத்தது எல்லை. சுண்ணாம்பைக் குழைத்து அடுப்படியின் நடுவே கோடு போட்டார். இந்தப் பக்கம் உர்சுலா அடுப்பு, அந்தப் பக்கம் ரோசலின் அடுப்பு. கோட்டைப் போட்டு நிமிர்ந்த பிறகுதான் கவனித்தார். அம்மி ரோசலின் பக்கம் போய்விட்டது. தண்ணீர்த் தொட்டி உர்சுலா பக்கம்.

"எனக்கு மொளகா அரைக்கணும்," என்றாள் உர்சுலா சுவரிடம்.

"எனக்கு ஒல வைக்கத் தண்ணி வேணும்," என்றாள் ரோசலின் கூரையிடம்.

அன்றிலிருந்து கொர்னேலியஸ் இங்கிருந்து மிளகாயை அங்கே கொண்டுபோவார், அரைத்ததை இங்கே கொண்டுவருவார், திரும்பும்போது ஒரு வாளித் தண்ணீர். ஆபீசில் கூலிகளை ஏவியவர் இப்போது தானே சுமந்தார். சாப்பாடும் இரண்டு. தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பைச் சாப்பிட்டு ஏப்பம் விடுமுன் ஊற்றாத குழம்பு வந்துவிடும். இரண்டையும் ஒரே அளவு சாப்பிட வேண்டும். ஒரு கவளம் கூடினாலும் எதிர்ப்பக்கம் மூக்கை உறிஞ்சும்.

நாகையா கோட்டைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இருக்குற ஏற்பாட்ட கலைக்கக் கூடாதுன்னீங்க. கோடு போட்டது யாருண்ணே, வெளியாளா?"

கொர்னேலியஸுக்குச் சுருக்கென்றது. அதே நேரம் வேலியோரம் ஒன்று கண்ணில் பட்டது. வீரம்மா முதலில் உர்சுலாவோடு குசுகுசுத்தாள். கொஞ்சம் தள்ளி வந்து ரோசலினோடு குசுகுசுத்தாள். ஆகா, துப்பாக்கி வருகிற வழி இதுதானா!

"நாகையா, உன் பொண்டாட்டியதான் சொல்றேன். ரெண்டு பக்கமும் மூட்டி விடுறது அவதான்."

நாகையாவின் சிரிப்பு நின்றது.

"கோழிக்கு என்னென்ன பிடிக்கும்னு கேட்டுக்கிட்டு இருந்தாண்ணே அவ." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். "வரேன்."

ஆனால் மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. இரண்டு சாப்பாட்டுக்கும் நடுவில் இப்போது பேச்சுத் துணைக்கும் ஆளில்லை.

அந்த வாரக் கடைசியில் ரோசலின் தகரப் பெட்டியைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"தம்பி, நாளைக்கு சூசன் வருவா. அவகூட கிளாங்குக்குப் போயிடறேன். என்னால யாரு வீட்டுலயும் கோடு வேணாம்."

கொர்னேலியஸ் உர்சுலாவைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ? பிடிவாதக்காரி, அழுதாலும் வாய் திறந்து இருங்க என்று சொல்ல மாட்டாளே.

 சின்ன வயசில் அவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது அம்மா இல்லை. அக்கா இருந்தாள். கடல் கொந்தளித்தபோது அவள் மடியில்தான் தலை வைத்துக் கிடந்தார். அந்த அக்காவை ஒரு சுண்ணாம்புக் கோட்டால் துரத்திவிட்டோமே. சட்டையை மாட்டினார். யாரிடமும் சொல்லாமல் ஸ்டேஷனுக்கு நடந்து, அடுத்த ரயிலில் கிளாங்குக்குப் போனார்.

சூசன் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கப்பா" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் கொர்னேலியஸ் ஆரம்பித்துவிட்டார். கோழி, ஆடு, அம்மி, தொட்டி, இரண்டு குழம்பு, கோபித்துக்கொண்ட நாகையா, ஸ்பெயின், சீனா, மறுபடி அம்மி. சூசன் தேத்தண்ணி கலக்கி வந்து கையில் கொடுத்தாள். அது ஆறிப்போனது. வெயில் ஏறி இறங்கியது. அவர் நிறுத்தவில்லை.

"உங்கத்தைய கூட்டிக்கிட்டு வந்துடாதம்மா. அவ இல்லாம எனக்கு அந்த வீட்டுல சோறு எறங்காது. உங்கம்மா இல்லாமலும் எறங்காது. எனக்குன்னு இருக்குறது அவங்க ரெண்டு பேருதான்." சட்டைக் கையில் கண்ணைத் துடைத்தார். "நான் ஒரு மடையன். ஆபீஸ் போனதோட எல்லாம் போச்சுன்னு உக்காந்துட்டேன்."

"அத்தை எங்கயும் வர மாட்டாங்கப்பா."

"உனக்கென்ன தெரியும்? பெட்டிய கட்டிட்டா!"

"வர மாட்டாங்க."

"இல்ல, இது தானா வந்த சண்டை இல்ல. ரெண்டு பொம்பளைங்களும் தங்கமானவங்க. யாரோ பின்னாலேருந்து தூண்டி விடுறாங்க. வீரம்மா இல்ல, அது எனக்கே இப்ப தெரியுது, நாகையா கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேக்கணும். ஆனா யாரோ இருக்காங்க சூசன். அது யாருன்னு மட்டும் தெரியட்டும், அப்புறம் பாரு!"

சூசன் ஆறிப்போன தேத்தண்ணியை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"நான்தாம்பா. நீங்க வாயத் தொறந்து பேசி எத்தனை மாசமாச்சுன்னு அம்மா, அத்தை, நான் மூணு பேரும் சேந்து அழுதுட்டுத்தான் இந்தச் சண்டைய ஆரம்பிச்சோம்."