வெள்ளவத்தை வீட்டுக்காரரை நான் விசாரித்த விதம்

சரவணை,
வேலணை.

அன்பும் அவசரமும் நிறைந்த மச்சான் இராசநாயகத்துக்கு,

நயினை அம்மாள் புண்ணியத்தில் நாங்கள் சுகம். நீரும் குடும்பமும் கனடாக் குளிரில் உறையாமல் இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் இடையில் புகுந்து கதைப்பீர் என்பதால் கடிதம். உம்முடைய தங்கை, என் மனைவி சறோஜினிதேவி என்னோடு கதைப்பதில்லை. அதற்குக் காரணம் நீர்தான்.

கொழும்பில் வேலை கிடைத்த எங்கள் நிலாந்தினி, வெள்ளவத்தையில் ஒரு மேல்மாடி அறை பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னதும் நீர் என்ன சொன்னீர்? "மச்சான், தெரியாத மனுசன்ரை வீட்டிலை பிள்ளையை விடாதையும். முந்தி இருந்தவை என்ன எழுதியிருக்கினம் எண்டு பாரும். பதிவுகளைக் கிண்டும்!" ஒரேயொரு பெண்பிள்ளை. அதன்பிறகு எனக்கு நித்திரை ஏது?

அந்த வீட்டைப் பற்றி முன்பு இருந்தவர்கள் எழுதியதைப் போனில் தேடினேன். வீட்டுக்காரர் பெயர் அரியநாயகம். தண்ணீர் மோட்டருக்குப் பூட்டுப் போடுகிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார். மீன் பொரித்தால் படியேறி வந்து என்ன மீன் என்று கேட்கிறார் என்றார் இன்னொருவர். இதுவும் ஒரு குற்றமா, மச்சான்? வாசம் நல்லதென்றால் நானும் கேட்பேன். பெயர் போடாத ஒரு புண்ணியவான் மட்டும், தங்கமான குடும்பம், மகன் கீர்த்திகன் பெட்டியெல்லாம் தானே தூக்கித் தருவார், குடிவெறி இல்லை, வெள்ளி தவறாமல் கோயில் என்று பந்தி பந்தியாக எழுதியிருந்தார். வாசித்து உருகிப்போனேன். முன்பு அங்கே இருந்த றஜீபன் என்ற பெடியனையும் பிடித்துக் கேட்டேன். "ஐயா, பத்து மணிக்குக் கேற்றைப் பூட்டிப்போடுவார். நரகம்!" என்றான். "தம்பி, பெட்டைப்பிள்ளை பெத்தவனுக்கு அதுதான் சொர்க்கம்" என்றேன்.

பிறகு கொழும்புக்கே பஸ் ஏறிக் காணிப் பதிவுக் கந்தோருக்குப் போனேன். "ஐயா வீடு வாங்கப் போறியளோ?" என்று கேட்டார் அங்கிருந்தவர். "இல்லை, மகள் ஒரு அறையிலை இருக்கப் போறா" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னை மறுபடியும் பார்த்தார். வீட்டு உறுதிப் பத்திரம் சுத்தம், மச்சான். ஈட்டுக் கடனும் இல்லை, வழக்கும் இல்லை.

ஆனால் உறுதி சுத்தமென்றால் ஆள் சுத்தமா? அரியநாயகத்தாரின் சொந்த ஊர் புங்குடுதீவு மடத்துவெளி என்று அறிந்து, அங்கேயும் வெளிக்கிட்டேன். அங்கே ஒரு கடையில், அவர்கள் கோபக்காரரா, வாக்குத் தவறுவார்களா, பரம்பரை நோய் உண்டா என்றெல்லாம் கேட்டேன். கடைக்கார நாகபூசணி அக்கா சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி தந்தா. அவ அரியநாயகத்தாரின் சொந்தத் தமக்கையாம்!

"பிள்ளையின்ரை சாதகம் கொண்டந்தியளோ?"

"ஐயோ அக்கா, நான் பெடியனுக்கு வரேல்லை, அறைக்கு வந்தனான்!"

"ஓமோம், எல்லாரும் முதல்லை அப்பிடித்தான் சொல்லுறவை."

நான் பாலம் தாண்டி வருமுன்னே செய்தி சரவணைக்கு வந்துவிட்டது. "என்னைக் கேளாமல் மாப்பிள்ளை பாக்கப் போனியளோ?" என்று சொல்லிக் அடுப்படிக் கதவைச் சாத்தியவள்தான் உம்முடைய தங்கை.

மானம் போகிறதே என்று அரியநாயகத்தாருக்கே போன் எடுத்தேன். "அண்ணை, உங்கடை குடும்பம்போலை ஒரு குடும்பம் இந்தத் தீவுப்பகுதியிலேயே இல்லை. ஆனா கலியாணக் கதை ஒண்டும் இல்லை. அறை மட்டும்தான்" என்று அடித்துச் சொன்னேன். மனிதர் வெகுநேரம் சிரித்தார். ஏனென்று தெரியவில்லை.

ஆகவே பிள்ளைக்கு ஒரு குறையும் வராது, என் நெஞ்சும் ஆறிவிட்டது. உமக்கும் பிள்ளைகளுக்கும் அம்மாள் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
எந்தக் கலியாணமும் பேசாத மச்சான்,
செல்வரத்தினம்

பி.கு.: உறையை ஒட்டும்போது நிலாந்தினி போன் எடுத்தாள். "அப்பா, கீர்த்திகனை விரும்புறன் எண்டு சொல்லியிருந்தா விசாரியாமலே வேண்டாம் எண்டிருப்பியள். அதுதான் வீடு எண்டு சொன்னனான். இப்ப நீங்களே நல்ல குடும்பம் எண்டு சொல்லிப்போட்டியள், இனி மாத்த ஏலாது" என்கிறாள். பெயர் போடாத அந்தப் புண்ணியவானும் அவள்தானாம். உம்முடைய தங்கைக்கும் எல்லாம் முன்னமே தெரியுமாம்; கதவைச் சாத்தியது கோபத்தில் இல்லை, சிரிப்பை அடக்கத்தானாம். எனக்கும் சந்தோசம்தான், அதுதான் கோபமாக இருக்கிறது. கலியாணம் முடியும்வரை மாப்பிள்ளை வீட்டில் பிள்ளை தங்க ஏலாது, வேறு அறை பார்க்க வேண்டும். இந்த முறை வீட்டுக்காரரை நீரே விசாரியும். நான் விசாரித்தால் அங்கேயும் ஒரு மகன் இருப்பான்.