பக்க இருக்கையின் நான்காம் போல்ட்டை வென்ற படலம்

எடையறி ஏந்தலே, வாழி! பொதிமலை கண்டும் புறமுதுகிடாப் பெருந்தகையே, வாழி! கையில் ஏந்திய கணத்திலேயே கட்டின் கனத்தைக் கிராம் பிசகாது உரைக்கும் கூர்மதியும், அம்மதிக்குக் காவல் நிற்கும் தடித்த மூக்குக்கண்ணாடியும், எவ்வளவு குனிந்தாலும் தன் கால்விரலைத் தானே காணவொட்டாது மறைக்கும் தொண்ணூற்று நான்கு கிலோத் திருமேனியும் வாய்ந்த பார்சல் நிலையத்துத் தலைமை எடைக் குமாஸ்தாவே, நின் வீரம் பாடப் புகுந்தோம், நாக்குளறினால் பொறுத்தருள்க. அலுவலகத்தில் அவரை எல்லோரும் கிராம் சார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

இருபத்துமூன்று ஆண்டுகள் அவர் நிறுத்து முத்திரையிட்ட பொட்டலங்கள் மலை கடந்தன, கடல் கடந்தன, பெயர் தெரியாத தீவுகளின் வாசற்கதவுகளைத் தட்டின; நிறுத்தவர் மட்டும் வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையே ஒரே பேருந்தில், பெரும்பாலும் நின்றுகொண்டு, போய்வந்தார். ஒரே ஒரு முறையாவது, முன்னால் சிக்னலும் பின்னால் ஹாரனும் இல்லாத பந்தயத் தடத்தில், முழு வேகத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட வேண்டும் என்ற வேட்கை அவர் நெஞ்சக் கனலில் பாலாய்ப் பொங்கியது. ஊருக்கு வெளியே இருந்த தடம், சாதாரண மக்கள் தங்கள் சொந்தக் காரை ஓட்டிப்பார்க்க ஆறு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை திறக்கும். கிராம் அதற்குப் பெயர் கொடுத்துவிட்டார்.

இனித் தேர் வருணனை. மைத்துனனின் பழுதுபார்ப்புக் கொட்டகையில், பதினோராண்டு தார்ப்பாய்த் துறவறம் பூண்டு, மழைநீர் பருகி, தவளைக்குப் படுக்கையும் பூனைக்குப் பேறுகால விடுதியுமாய்ப் பணிபுரிந்த இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார் அது. அதன் செந்நிறம் பதிவுப் புத்தகத்தில் மட்டும் எஞ்சியிருந்தது. மெக்கானிக்கான மைத்துனன் மூன்று மாதம் மல்லுக்கட்டி, எஞ்சினை எழுப்பினான், பிரேக்கை மாற்றினான், டயர் நான்கும் புதிதாகப் போட்டான். அவனை இக்காவியம் பாடாது. அவன் எல்லாவற்றையும் சரியாகச் செய்தான்.

அவன் செய்த ஒரே பிழை, கையைத் துடைத்துக்கொண்டே வாய்தவறிச் சொன்ன ஒரு சொல்: "கொஞ்சம் வெயிட்டக் குறைச்சா இன்னும் நல்லாப் பறக்கும் மாமா."

எடையா! குறைப்பா! யாரிடம் வந்து யார் சொல்வது! அன்று தொடங்கிற்று அந்த மாபெரும் களையெடுப்பு. ரேடியோ வீழ்ந்தது, ஏசி வீழ்ந்தது, தரைவிரிப்பு, கதவுத் தோல், சாம்பல் கிண்ணம், வெயில் மறைப்புத் தட்டு, அதன் பின்னிருந்த கைக்கண்ணாடி எனத் துணைப்படைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் களம்பட்டன. பட்டவை ஒவ்வொன்றும் தராசேறி, எடை பொறித்த பார்சல் சீட்டு நூலில் கட்டப்பெற்று, கொட்டகைச் சுவரோரம் வரிசையாய்க் கிடத்தப்பட்டன. தடத்து அலுவலகத்திலிருந்து வந்த நான்கு பக்கக் கடிதமும் காருக்குள் கிடந்தது. அதையும் எடுத்து நிறுத்தார், பதினெட்டு கிராம். படிக்கவில்லை, வீட்டு மேசை இழுப்பறையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்.

எஞ்சி நின்றது பக்க இருக்கை. பதினொரு கிலோ எண்ணூற்று நாற்பது கிராம் என்று கண்ணாலேயே கணித்துவிட்ட தலைவன், அதைக் களையும் தம் உறுதியைச் சோற்றுத்தட்டின் முன் முழங்கினார். மருந்துக்கடைக் கவுன்டரில் பகலெல்லாம் நின்று களைத்த அவர்தம் இல்லத்தரசி, தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துத் திருவாய் மலர்ந்தருளினாள்:

"அந்த சீட்ட மட்டும் விட்டுடுங்க. ஒரு ரவுண்டாவது நானும் பக்கத்துல உக்காந்து வரணும்னு இருக்கேன்."

"தடத்துல ஒவ்வொரு கிராமும் கணக்கும்மா."

"கார்ல பாரத்தைக் குறைக்கணும்னா முதல்ல நீங்க இறங்குங்க."

இவ்வரிய அறவுரை வீரர் செவியில் ஏறவில்லை. மோர் ஊற்றிக்கொண்டார்.

போர் திங்கள் மாலை மூண்டது. இருக்கையைத் தரையோடு பிணித்த போல்ட்டுகள் நான்கு. முதல் மூன்றும் ஸ்பானர் பட்ட மாத்திரத்தில் சரணடைந்தன. நான்காவதோ, பின்மூலை இருளில், பதினோராண்டு ஈரம் தின்று துருக்கவசம் தரித்து, தன் நிலம் விட்டு நூலிழையும் நகர்வதில்லை என்ற விரதம் பூண்டு வீற்றிருந்தது. மடங்கா வயிற்றை மடக்கி, புகாத் தோளைப் புகுத்தி, தலைகீழாய்த் தொங்கி, தலைவன் தொடுத்த முதல் தாக்குதலில் ஸ்பானர் வழுக்கி விரல்முட்டி நான்கும் உரிந்தன. செவ்வாயன்று துரு இளக்கும் எண்ணெய் ஒரு டப்பா முழுக்கப் பொழிந்தார். பாதி அவர் சட்டைக்குள் போயிற்று.

புதனன்று வீரம் வெறியாயிற்று. ஸ்பானர் வாலில் மூன்றடிக் குழாயைச் செருகி, மறுமுனையில் தொண்ணூற்று நான்கு கிலோவையும், பகலில் உண்ட நான்கு வடைகளையும் ஒருசேர ஏற்றி, எட்டுத்திக்கும் அதிர உறுமி அவர் தொங்கியபோது கார் கிறீச்சிட்டது, கொட்டகைக் கூரையில் புறா பறந்தது, போல்ட்டின் தலையிலிருந்த ஆறு மூலைகளும் மழுங்கி வட்டமாயின. போல்ட் மட்டும் அசையவில்லை. வியாழனன்று சாமமும் பேதமும் எஞ்சியிருந்ததால், தரையில் சப்பணமிட்டு, "இதப் பாரு, வீணா ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம் வேண்டாம்" என்று அதனிடம் தூது மொழிந்தார். மைத்துனன் இதைக் கேட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டான்.

வெள்ளியன்று அவனே அறுவை இயந்திரத்தை எடுத்துக் கொடுத்தான். கொடுக்கும்போது ஒன்று சொன்னான்.

"அறுத்துட்டா திரும்ப மாட்டுறது பெரிய வேலை மாமா. யோசிச்சுக்கோங்க."

"திரும்ப மாட்டுறதுக்கா மாப்ள இத்தனை பாடு?"

முழங்கிற்று இயந்திரம்! பொறி பறந்தது, புகை சூழ்ந்தது, ஐந்து நாள் ஆணவம் அரை நிமிடத்தில் அறுபட்டது. துண்டான பகைத்தலை விண்ணிலெழுந்து, வளைந்து, மைத்துனனின் டீ டம்ளருக்குள் வீழ்ந்து முழுகிற்று. வென்றோம், வென்றோம் என்று ஆர்ப்பரித்த தலைவன் அதை வெளியிலெடுத்துத் துடைத்து, நிறுத்து, சீட்டுக் கட்டினார். இருபத்தாறு கிராம் இருந்தது.

ஞாயிறு புலர்ந்தது. நாலு மூலையும் வெறும் தகரமாய் ஒலிக்க, உள்ளே ஓர் ஆசனமும் அதில் ஒரு வீரரும் மட்டுமாய், தேர் தடத்து வாயிலை அடைந்தது. மஞ்சள் கோட்டுப் பரிசோதகர் தலைக்கவசத்தைத் தட்டினார், பெல்ட்டை இழுத்தார், பிரேக்கை மிதிக்கச் சொன்னார். யாவும் சரியென்று தாளில் குறியிட்டார். பின்னர்க் கேட்டார்: "முதல் தடவையா சார்?"

"ஆமா" என்றார் தலைவன், பெருமிதம் பொங்க.

"முதல் தடவை ஓட்டுறவங்க பயிற்சியாளரப் பக்கத்துல உக்கார வச்சுதான் போகணும். கடுதாசியில மூணாம் பக்கத்துல போட்டிருக்கே. அவரு எங்க உக்காருவாரு?"

பயிற்சியாளர், தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி, குனிந்து உள்ளே பார்த்தார். தகரம் தெரிந்தது. தகரத்தின் பின்மூலையில், புதிதாய் அறுபட்ட போல்ட்டின் மிச்சம் வெள்ளையாய்ப் பளபளத்தது. அந்த அவல வேளையிலும் கிராமின் கண், தன்னையறியாமல், பயிற்சியாளரைத் தொண்ணூற்றொன்று கிலோ இருநூறு என்று நிறுத்துவிட்டது.

"ஓரமா குத்தவச்சு உக்காந்துக்க முடியுமா சார்? ஒரே ஒரு ரவுண்டுதான்."

"நான் என்ன காய்கறி மூட்டையா சார்?" என்றார் பயிற்சியாளர்.

அந்தோ! பிறர் தேர்கள் காற்றைக் கிழித்துச் சுழன்றன. பக்க இருக்கையோடும் ரேடியோவோடும் ஏசியோடும் ஒரு பல்மருத்துவர் போனார்; பின்னால் குழந்தை நாற்காலியை மாட்டியபடியே ஒரு கணக்காசிரியை போனாள். தலைவன் கம்பிவேலியைப் பற்றிக்கொண்டு மாலைவரை பார்த்து நின்றார். இன்னும் ஆறு மாதம்.

வீடு திரும்பினார். கூடத்தில், மின்விசிறிக்கு நேர்கீழே, இரண்டு செங்கல் மேல், மைத்துனன் கொட்டகையிலிருந்து கொண்டுவந்து இறக்கிய அந்த இருக்கை எழுந்தருளியிருந்தது; அதன்மேல் சாய்ந்து, கால்களை ஸ்டூலில் நீட்டி, காதோரம் 11.840 என்ற சீட்டு ஆடிக்கொண்டிருக்க, இல்லத்தரசி அரைக்கண் மூடியிருந்தாள். மடியில் நான்கு பக்கக் கடிதம் விரிந்திருந்தது.

"காலைல ஒன்பது மணிக்குப் பேனா தேடினப்பதான் இது கைல கிடைச்சுது" என்றாள். "போன் போட்டேன். நீங்க எடுக்கல."

போன் நூற்றெழுபத்தொன்பது கிராம். அதைக் கொட்டகையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அவர் தரையில் உட்கார்ந்தார். "உன்கிட்ட கேட்டிருக்கணும். தப்புதான்" என்றார். அவள் கடிதத்தை மடித்து வைத்தாள். பிறகு, மூவுலகும் செவிசாய்க்க, ஆணை பிறந்தது:

"இந்த சீட்டத் திருப்பித் தர்றேன். நல்லா முறுக்கி மாட்டுங்க. அந்த வாத்தியார் இறங்கினதும் அடுத்த ரவுண்டு நான்தான்."

கேட்டனன் தலைவன், வணங்கினன், வீழ்ந்த வீரம் மீண்டும் எழ, உரிந்த முட்டிகள் நான்கும் புடைக்க, துருவும் துயரும் துறந்து, எதிர்வரும் ஆறு திங்களை இமைப்பொழுதெனக் கடப்பேன் என்று எண்டிசை சாட்சியாய்ச் சூளுரைத்து, கீழ்வானம் வெளுத்ததும் பகையினும் பெரிதாம் நட்பை நாடிப் புறப்பட்டனன்.

அதாவது, மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் ஹார்ட்வேர் கடையில் இறங்கி அதே அளவில் ஒரு போல்ட் வாங்கினார்.