செயலாளர் வீட்டு மறியல்

காவேரி கடலுக்குப் போகிற வழியில், வாய்க்காலுக்கு வாய்க்கால் ஊரும் ஊருக்கு ஊர் கொடிமரமுமாக இருந்த காலத்தில், ஒரு ஊரில் ஒரு விவசாயத் தொழிலாளர் சங்கம் இருந்ததாம். சங்கத்துக்கு ஒரு செயலாளர் இருந்தாராம். செயலாளருக்கு ஒரு மனைவி இருந்தாளாம். கதை தன்னைப் பற்றியது என்றே அந்தச் செயலாளர் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

அந்தச் செயலாளர் நான்தான். பெயர் மருதையன். மனைவி பெயர் அம்சவல்லி.

நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைத்துச் சட்டம் வந்திருந்த சமயம். எங்கள் ஊர் மிராசுதார் தன் நிலத்தைச் சித்தப்பா, சித்தப்பாவின் மச்சான், இன்னும் பிறக்காத பேரன் என்று பிரித்து எழுதிவிட்டுப் பரம ஏழையாக நின்றார். நிலத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கூலி என்றது சங்கம். குறுவை விளைந்து தலைசாய்ந்து கிடந்தது. அறுப்புக் கூலியாக ஆணுக்கு அளக்கிற நெல்லைவிடப் பெண்ணுக்குக் குறைவாக அளப்பது வழக்கம். இரண்டும் ஒரே அளவாக வேண்டும் என்று கேட்டோம். முடியாது என்றார் மிராசுதார். வெளியூர் ஆளைக் கொண்டுவந்து அறுத்துக்கொள்வேன் என்றார். வெளியூர் ஆள் வயலில் இறங்கிவிட்டால் எங்கள் பாடு முடிந்தது. வருஷக் கஞ்சி அந்த அறுப்பில்தான் இருக்கிறது.

ஆகவே கூட்டம் போட்டேன். பேசினேன். எப்படிப் பேசினேன்!

"தோழர்களே! ரஷ்யாவிலே என்ன நடக்குது தெரியுமா? ஆம்பளை சமைக்கிறான், பொம்பளை டிராக்டர் ஓட்டுறா! சீனாவிலே ஆம்பளை தொட்டில் ஆட்டுறான்!"

நான் ரஷ்யாவைப் பார்த்ததில்லை. கிழக்கே நாகூர், மேற்கே திருவிடைமருதூர், அவ்வளவுதான் என் உலகம். இருந்தாலும் என் குரலில் பனி பெய்தது. கைதட்டல் வாய்க்காலைத் தாண்டிக் கேட்டது.

கைதட்டியவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்கள் பக்கம் ஒரே ஒரு ஆள். அவளும் சீனா வருவதற்குள் எழுந்து போய்விட்டாள். உலை வைக்க வேண்டுமாம்.

அந்த ஆள் அம்சவல்லி.

வீட்டுக்கு வந்து குதித்தேன்.

"செயலாளர் பெண்டாட்டி நீயே எழுந்து வந்தா மத்த பொம்பளைங்க எப்படிப் புள்ள கூட்டத்துக்கு வருவாங்க? வெளியூர் ஆள் வந்தா வரப்புல மறிச்சு நிக்கப் போறது நீங்கதானே? ஆம்பளை நின்னா போலீஸ் தடியைத் தூக்கும். பொம்பளை நின்னா கொஞ்சம் யோசிக்கும்."

"நிக்கிறோம். யாரு மாட்டேன்னா? விடியக்காலமே வரப்புல நின்னா, வீட்டுல அடுப்பை யாரு பத்த வைக்கிறது? கைப்புள்ளைய யாரு தூக்கி வச்சுக்கிறது?"

"அதெல்லாம் உங்களுக்குள்ள பேசிக்கங்க."

"நீங்கதான் பேசிட்டீங்களே. ஆம்பளை சமைக்கிறான்னு."

"அது ரஷ்யா."

வாசலில் ஜன்னத் பீவி மூட்டையை இறக்கிவைத்து உட்கார்ந்திருந்தார். நாகூரிலிருந்து ரவிக்கைத் துணி கொண்டுவந்து விற்பவர். கணவர், அவர் பேச்சில் 'மாப்பிள்ளை', கப்பலில் வேலை பார்த்து நாலு தேசம் கண்டவர். அம்சவல்லி அவரைப் பஞ்சாயத்துக்கு இழுத்தாள்.

"பீவிக்கா, மத்த தேசத்துல எல்லாம் ஆம்பளைதான் சோறாக்குறானாமே? ஒங்க வீட்டுல சொல்லியிருப்பாங்களே?"

ஜன்னத் பீவி சிரித்த சிரிப்பில் மூட்டை முடிச்சு அவிழ்ந்தது.

"நல்லா கேட்டே தங்கச்சி! எங்க மாப்பிள்ளை பினாங்கு போனாக, ரங்கூன் போனாக, ஜப்பான்கூடப் போனாக. எந்தக் கரையில எறங்குனாலும் பொம்பளைதான் அடுப்பு ஊதுறாளாம். ஆம்பளை ஆக்கிப் போட்டதை ஒரே ஒரு எடத்துலதான் பார்த்தாகளாம்."

"எங்க?" என்றேன் ஆவலாக. ரஷ்யா என்று சொல்லிவிட்டால் பிழைத்தேன்.

"கப்பல்ல. அங்க பொம்பளை கெடையாதுல்ல! பண்டாரின்னு ஒரு ஆளு. ஆக்கிப் போடுறதுதான் அவரு வேலை. மாசம் பொறந்தா அதுக்குச் சம்பளம்."

"சோறாக்குறதுக்குச் சம்பளமா!" என்றாள் அம்சவல்லி.

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைச் சங்கத்தில் எத்தனையோ முகங்களில் பார்த்திருக்கிறேன். வேலைநிறுத்தத்துக்கு முதல் நாள் வருகிற வெளிச்சம் அது.

மறுநாள் காலையில் எங்கள் தெருவில் ஒரு கூரையிலும் புகை இல்லை. என் வாசலில் சங்கக் கொடி நட்டிருந்தது. அதன் அடியில் தெருப் பெண்கள் மொத்தமும் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன புள்ள இது?"

"வேலைநிறுத்தம். நாங்க வரப்புல நிக்கிற அன்னிக்கு வீடு ஆம்பளைங்க பொறுப்பு. ஒத்துக்கிட்டா ராஜி. இல்லாட்டி அடுப்பு எரியாது. சின்னப் புள்ளைங்களுக்கு மட்டும் நாங்களே கஞ்சி ஊத்திருவோம். ஆம்பளைங்களுக்கு இல்லை."

"முன்னறிவிப்பு குடுக்காம வேலைநிறுத்தமா? எந்தச் சங்கத்துல நடக்கும் இது?"

"நேத்தே குடுத்தேன். நீங்கதான் அது ரஷ்யான்னு சொல்லிட்டீங்க."

ஒத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ஊருக்கெல்லாம் கொடி பிடித்த கை அகப்பை பிடிப்பதா? பார்த்துவிடுகிறேன் ஒரு கை என்று சபதம் போட்டேன். மத்தியானத்துக்குள் சபதம் வயிற்றைக் கிள்ளியது. திருவிடைமருதூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் அக்கா எல்லையம்மாளுக்கு ஆள் அனுப்பினேன். 'அம்சத்துக்கு உடம்பு முடியவில்லை, வந்து நாலு நாள் ஆக்கிப் போடு.'

அக்கா மறுநாள் முதல் பஸ்ஸில் வந்தாள். நான் முன்னால் நடந்தேன். பின்னால் அக்கா. அவள் கையில் சுண்டவைத்த மீன் குழம்பு. என் நாக்கு பஸ் நிறுத்தத்திலேயே சாப்பிட ஆரம்பித்துவிட்டது.

தெருமுனையில் பெண்கள் குறுக்கே படுத்துக்கிடந்தார்கள். மறியல்!

"உடம்பு முடியலைன்னு தம்பி சொல்லியனுப்புனான். நீ என்னடி நடுத்தெருவுல படுத்துக்கெடக்குற?" என்றாள் அக்கா.

"எனக்கு ஒண்ணுமில்லை அண்ணி. நாங்க வேலைநிறுத்தம் பண்றோம். அதை உடைக்க ஒங்களை வெளியூர் ஆளாக் கொண்டாந்திருக்காரு."

வெளியூர் ஆளைக் கொண்டுவருகிறவனைப் பற்றி மேடையில் நான் சொல்லாத வசவு கிடையாது. அத்தனையும் வரிசையாக என் காதில் கேட்டது. தெருவே என்னைப் பார்த்தது.

அக்கா அம்சவல்லியிடம் விவரம் கேட்டாள். முழுதும் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டா, மிராசுதார் கொண்டாந்தா அக்கிரமம், நீ கொண்டாந்தா அக்காவா?"

"அதில்லக்கா..."

"என்ன நொதில்லக்கா? ஒன் மச்சான் வீட்டுல நான் என்ன சம்பளத்துக்கா பொங்கிப் போடுறேன்? தள்ளிப் படுங்கடி."

அக்காவும் படுத்துவிட்டாள். மீன் குழம்பு மறியலுக்கு மத்தியில் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் சங்கப் பொருளாளர் காத்தான் வரப்போரமாக ஓடிவந்தான்.

"தோழர்! நாளைக்கு விடியுறதுக்குள்ள மிராசுதார் ரெண்டு லாரியில வெளியூர் ஆளை இறக்குறாரு. பொம்பளைங்க வரப்புல நிக்கலைன்னா நம்ம அறுப்பு போச்சு!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அம்சவல்லியைப் பார்த்தேன். அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"ராஜியா?"

"ராஜி" என்றேன். மிராசுதார்கூட இவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்ததில்லை.

"அப்பப் பிடிங்க" என்று எங்கள் கைக்குழந்தையை என் இடுப்பில் வைத்தாள்.

மறுநாள் இருட்டு பிரியுமுன்பே, நான் காய்ச்சிய கஞ்சியைத் தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு பெண்கள் வயலுக்குப் போனார்கள். நான் விறகோடு மல்லுக்கட்டினேன். குழந்தை என்னோடு மல்லுக்கட்டியது. தண்ணீர் எடுத்தேன், கொட்டினேன், திரும்ப எடுத்தேன். வயல் பக்கம் லாரிச் சத்தம் கேட்டது. ஒரு கூச்சல் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் கொடுமை. தடியடியா, கைதா, அம்சத்துக்கு என்ன ஆயிற்று? குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். வாசலில் நின்றால் அடுப்பில் பொங்குகிறது. அடுப்படியில் நின்றால் மனசு பொங்குகிறது.

உச்சிப்பொழுதில் காத்தான் வந்தான்.

"தோழர், ஜெயிச்சாச்சு!"

"எப்படி?"

"லாரியில வந்ததும் பாதி பொம்பளைங்கதான். போலீஸ் தடியைத் தூக்கிட்டு நிக்குது. ஒங்க வீட்டம்மா நேரா லாரிகிட்டப் போனாங்க. 'அக்கா, நீங்க இங்க வந்துட்டீங்க, ஒங்க கைப்புள்ளைய யாரு பார்க்குறா?'ன்னாங்க. அவங்க ஒரு கதை சொல்ல, இவங்க ஒரு கதை சொல்ல, அத்தனை பேரும் லாரியை விட்டு எறங்கி வரப்புல உட்கார்ந்துட்டாங்க. கதிர் உதிருது, மிராசுதார் தவிக்கிறாரு. தாசில்தார் வந்து, 'செயலாளர் எங்கே?'ன்னாரு."

"என்ன சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? ஒங்க வீட்டம்மாதான். 'அவரு புள்ளைக்குக் கால் கழுவிக்கிட்டிருக்காரு. எங்ககிட்டப் பேசுங்க'ன்னாங்க. பேசினாங்க தோழர். நீங்க பேசினாக்கூட அப்படி வராது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு. முடிஞ்சுது."

எனக்கு நெஞ்சு விம்மியது. இடுப்பில் குழந்தை இருந்ததால் அளவாக விம்மினேன். தாசில்தாரும் மிராசுதாரும் நிற்க, வரப்பில் நின்று பேசியவள் என் அம்சவல்லி! ரஷ்யாவில் இப்படி ஒருத்தி உண்டா?

மாலையில் வெற்றி ஊர்வலம். துவைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

"நீங்க எங்க கிளம்புறீங்க?" என்றாள் அம்சவல்லி.

"ஊர்வலத்துக்கு. செயலாளர் முன்னால போக வேண்டாமா?"

"வாய்க்கால்ல தண்ணிக்கு முறை வைக்கிற மாதிரி, தெருப் புள்ளைங்களைப் பார்த்துக்க ஆம்பளைங்களுக்கு முறை வச்சிருக்கோம். ஆளுக்கு ஒரு நாள். மொத முறைய யாருக்கு வைக்கிறதுன்னு கேட்டப்ப, எல்லாரும் ஒங்க பேரைத்தான் சொன்னாங்க. ஒங்க கஞ்சியக் குடிச்சுட்டுத்தானே இன்னிக்கு நின்னோம்? ஊருக்கே நீங்கதான் வழிகாட்டி."

வழிகாட்டி என்றதும் என் தலை தானாக ஆடிவிட்டது. அதற்குள் வாசலில் ஒவ்வொருவராக வந்து குழந்தைகளை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார்கள். தவழ்வது, நடப்பது, கடிப்பது, எல்லா வகையும் இருந்தது. அம்சவல்லி கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அப்படி ஒரு நடையை எங்கள் தெரு அதுவரை கண்டதில்லை. அவளுக்குப் பக்கத்தில் என் அக்கா. பின்னால் பெண்கள். அதற்கும் பின்னால் பந்தம் பிடித்துக்கொண்டு ஆண்கள். தெரு காலியாகும்வரை வாசலிலேயே நிமிர்ந்து நின்றேன்.

கடைசியாக வந்தவன் காத்தான். மகனை என் கையில் பிடித்துக் கொடுத்தான்.

"தோழர், இவனுக்கு உப்பு கொஞ்சம் கம்மியாப் போடுங்க. காலையில நீங்க காய்ச்சுன கஞ்சியப் பொம்பளைங்க எல்லாம் வாய்க்கால்லதான் ஊத்தினாங்களாம்" என்று சொல்லிவிட்டு, ஊர்வலத்தைப் பார்த்து நடந்தான்.