யாரும் சாகாத சனிக்கிழமை

அரைகுறையாகத் திட்டமிடுகிறவர்களால் அவர்களுக்கு மட்டும்தான் தொல்லை. அக்கறையாகத் திட்டமிடுகிறவர்களால் ஊருக்கே தொல்லை. நான் இரண்டாவது வகை. ஹட்டனில், டெலிபோன் கோபுரங்களைப் பராமரிக்கும் ஒரு கம்பனியில் டெக்னீசியன். கடைக்குப் போனாலும் பட்டியல், கோயிலுக்குப் போனாலும் பட்டியல். (சாமியிடம் கேட்க வேண்டியவற்றை முக்கியத்துவ வரிசைப்படி எழுதிக்கொண்டு போனதைப் பார்த்து அம்மா ஒருமுறை கேட்டார்: "சாமி என்ன, சில்லறைக் கடையா வச்சிருக்கு?")

அப்படிப்பட்ட என்னைத்தான் 'கூடைக்குள் மழை' கவிழ்த்துப்போட்டது.

அது ஒரு இசைத்தொகுப்பு. எழுதியது, மெட்டுப் போட்டது, பாடியது எல்லாம் ஒரே பெண். அவருடைய அம்மா வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். இவர் வளர்ந்தது கொழும்பில். எங்கள் ரசிகர் குழுவில் யாரும் அவரைப் பெயர் சொல்வதில்லை. அக்காதான். மலையகத்தைப் பற்றிப் பாடுகிறவர்கள் வழக்கமாக எங்களைப் பார்த்து அழுவார்கள். அக்கா அழவில்லை. பஸ்ஸில் எங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, நாங்கள் பார்க்கிற ஜன்னலையே பார்த்தார். பனியில் தாமதமாகும் ரயிலைப் பற்றி அதில் ஒரு பாட்டு இருக்கிறது. அதைக் கேட்ட நாளிலிருந்து ரயில் தாமதமானால் எனக்குக் கோபம் வருவதில்லை. யாரோ எங்கிருந்தோ என்னைப் பார்க்க வந்துகொண்டிருப்பதுபோல இருக்கும்.

பிறகு இசைப் பயண அறிவிப்பு வந்தது. கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு. எங்கள் மழையைப் பாடியவர், எங்கள் மலையைத் தவிர எல்லா இடத்துக்கும் போகிறார். கண்டியில் கச்சேரி முடிந்தபிறகு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. தங்கிவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் கேட்பதற்கு, நானே கச்சேரி வைத்துவிடலாம்.

ஒரே ஒரு கதவு திறந்திருந்தது. 'உங்கள் ஊரில் இந்தப் பாட்டு எப்படிக் கேட்கிறது என்று ஒரு காணொளி அனுப்புங்கள். இன்னும் ஓர் ஊரைச் சேர்க்க முடியுமா பார்க்கிறோம்' என்று அக்கா எழுதியிருந்தார். நான் பேனாவை எடுத்தேன்.

திட்டம் எளிது. எங்கள் தோட்டத்துக் கோயில் ஸ்பீக்கரில் முதல் பாட்டைப் போடுவது. எதிர் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் அதைக் கேட்டபடி வேலை செய்வதை, என் தோழி ஷர்மிளா அங்கே போனை நிறுத்திவைத்துப் படம் எடுப்பது. கோயில் தலைவரிடம் அனுமதி வாங்கினேன். மழை, அட்டைக்கடி, கரண்ட் வெட்டு, நாய், எல்லாவற்றுக்கும் மாற்று ஏற்பாடு இருந்தது.

முதல் பாட்டு எப்படித் தொடங்கும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. தப்பு மேளச் சத்தத்தில் தொடங்கும். அதுவும் சாவுத் தப்பு. தனியாக, மெதுவாக, ஏறக்குறைய ஒரு நிமிடம் அடித்த பிறகுதான் அக்காவின் குரல் வரும். விமர்சகர்கள் அந்த இடத்தை விழுந்து விழுந்து பாராட்டியிருந்தார்கள். நானும் காதில் இயர்போனோடு எத்தனையோ தடவை சிலிர்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் தோட்டத்தில் இன்றைக்கும் ஒரு சாவு விழுந்தால் முதலில் சொல்வது அந்தத் தப்புதான். கேட்டதும் மலையில் இருப்பவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு லயத்துக்கு வருவார்கள். எனக்கு இது தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். இயர்போனுக்குள் போனதும் அது கலையாகிவிட்டது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை சத்த அளவு பார்க்கத் தொடங்கினேன். கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தினேன். மலையில் மோதி எதிரொலித்தது. குறைத்து, மறுபடி முதலிலிருந்து போட்டேன். கம்பியைச் சரிசெய்து மூன்றாம் தடவையும் முதலிலிருந்து. நான் ஒழுங்கான டெக்னீசியன். சோதனை முடியாமல் பாட்டை முழுவதாகப் போடமாட்டேன். ஆக, தோட்டம் முழுவதும் கேட்டது மூன்று தடவை சாவுத் தப்பு. ஒரு தடவைகூட அக்கா வாயைத் திறக்கவில்லை.

வெளியே ஒப்பாரிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மலையிலிருந்து எல்லாரும் இறங்கி ஓடிவந்துகொண்டிருந்தார்கள். முன்னால் பாக்கியம் அக்கா. எங்கள் லயத்துக் கடைசி வீட்டில் நோயோடு படுத்திருந்த மாரிமுத்து தாத்தாவின் மகள். அவள் பின்னால், அதே மலையில் கொழுந்து பறிக்கும் அம்மா. அதற்கும் பின்னால், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, மலையில் நின்று வேலையை மேற்பார்க்க வேண்டிய கண்டாக்கையா.

"என் அப்பனே... காலையில கஞ்சி குடிச்சிட்டுத்தானே படுத்தீங்க..."

லயத்து முற்றத்தில் கூட்டம் சேர்ந்தது. கடைசி வீட்டுக் கதவு திறந்தது. மாரிமுத்து தாத்தா கம்பளியைப் போர்த்திக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்தார்.

"யாரு செத்தா?"

ஒப்பாரி அப்படியே நின்றது.

"சொல்லுங்களேம்மா. தப்புச் சத்தம் கேட்டுச்சு. மூணு தடவ அடிக்கிறானுங்க, பெரிய சாவு போல. யாரு போயிட்டா?"

பாக்கியம் அக்கா அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அவரைக் கட்டிக்கொண்டு, வரும்போது அழுததைவிட அதிகமாக அழுதாள். கூட்டம் மெல்லக் கோயில் பக்கம் திரும்பியது. அங்கே கழுத்தில் வயரோடு நான்.

"இவதானா?" என்றார் கண்டாக்கையா.

"ஐயா, அது... சவுண்ட் டெஸ்ட்டுங்க."

"எம்மகதாங்க," என்றார் அம்மா, யாரோ பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையைச் சொல்வதுபோல. "படிச்சவ."

"பாவி மகளே, வழியெல்லாம் என் உசுரு என்கிட்ட இல்லடி," என்றாள் பாக்கியம் அக்கா. அதற்கு என்னிடம் மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை.

காப்பாற்றியது மாரிமுத்து தாத்தாதான். "என் சாவுக்குப் போட்ட பாட்டு. நான் கேக்க வேணாமா? முழுசாப் போடு புள்ள."

போட்டேன். தப்பு அடித்தது, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு அக்காவின் குரல் வந்தது.

"கூட நெறஞ்சா எறக்கி வைப்பேன்,
நெஞ்சு நெறஞ்சா எங்க வைப்பேன்?"

சிரிப்பு நின்றது. இந்தப் பாட்டைக் கேளுங்கள் என்று நான் மாதக்கணக்காக அம்மாவின் காதில் இயர்போனைச் செருகப் பார்த்திருக்கிறேன். கூசுது என்று தட்டிவிடுவார். இப்போது இடுப்பில் கை வைத்து, எதிர் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டு முடிந்ததும், "இதெல்லாம் இந்தப் புள்ளைக்கு யாரு சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.

காணொளி? ஷர்மிளாவும் கூட்டத்தோடு ஓடிவந்திருந்தாள். "பாட்டுன்னு உனக்குத் தெரியும்தானேடி!" என்றேன். "தெரியும்தான். எல்லாரும் அழுதுகிட்டு ஓடுறப்போ நா மட்டும் நின்னா நல்லாவா இருக்கும்?"

அவள் நிறுத்திவைத்த போன் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முழுவதாக ஓடிய பகுதியில் ஒரு மனிதர்கூட இல்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறக்கி வைத்த கூடைகள், பனி, எங்கோ கீழேயிருந்து மெல்லிதாக ஏறிவரும் அக்காவின் குரல். வேறு வழியில்லாமல் அதைத்தான் அனுப்பினேன்.

அக்காவிடமிருந்தே பதில் வந்தது. 'இரண்டு முறை பார்த்துவிட்டேன். எல்லாரும் எங்கே?'

உள்ளதை எழுதினேன்: 'சாவு வீட்டுக்குப் போய்விட்டார்கள் அக்கா.'

'ஐயோ! யார் இறந்தது?'

'யாரும் இல்லை அக்கா.'

பார்த்ததற்கான நீல அடையாளம் விழுந்தது. வேறொன்றும் வரவில்லை.

அடுத்த வாரம் புதிய சுவரொட்டி வெளியானது. நான்கு ஊர்கள், நான்கு திகதிகள். அவற்றுக்குக் கீழே, சிறிய எழுத்தில்: 'ஹட்டன் - திகதி பின்னர் அறிவிக்கப்படும்.' அது இன்னும் அறிவிக்கப்படவில்லை. பஸ்ஸில் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். திகதி இல்லாத வரிக்கு என் பட்டியல்களில் இதுவரை இடமிருந்ததில்லை.

நான் இயர்போனை மாட்டினாலே, வீட்டில் யாராவது ஒருவர் "யாரு செத்தா?" என்பார். இப்போது அம்மாவே ஒரு பக்க இயர்போனை இழுத்துக்கொண்டுதான் அதைக் கேட்கிறார்.

வேலை முடிந்து வரும்போது கடைசி வீட்டு இஸ்தோப்பில் மாரிமுத்து தாத்தா கம்பளியோடு உட்கார்ந்திருப்பார்.

"பாட்டுக்காரிக்குத் திகதி வந்துருச்சா புள்ள?"

"இன்னும் இல்லைங்க தாத்தா."

"அப்ப எனக்கும் இல்ல," என்பார்.