சமத்துவத்தில் நான் வாங்கிய தொண்ணூற்றெட்டு

இந்தத் தடவை மேலாளர் நாற்காலியில் உட்காராமல் விடுவதில்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை சபதம் எடுத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால், போன சபதம் என்ன ஆயிற்று என்று கேட்பாள்.

நான் மருந்துக் கிடங்கு ஒன்றில் டெஸ்பாட்ச் பிரிவு மேற்பார்வையாளன். பதினோரு வருஷமாகப் பெட்டிகளை ஏற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். என்னைத்தான் யாரும் மேலே அனுப்பவில்லை. இப்போது எங்கள் மேலாளர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்குத் தகுதி உள்ளவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மா. என்னைவிடக் கெட்டிக்காரி, அதை மறைப்பானேன்? ஆனால் அவர் காலையில் மாமனாரை வைத்தியத்துக்கு அழைத்துப் போய்விட்டு மத்தியானம்தான் வேலைக்கு வருவார். மேலாளரோ காலை எட்டு மணிக்கே ஆஜராக வேண்டும். ஆகவே போட்டியே கிடையாது. குறுக்கே நின்றது ஒன்றே ஒன்று. பயிற்சி!

சமத்துவம், பன்மைத்துவம், எல்லாரையும் அரவணைப்பது என்று வருஷா வருஷம் எங்களுக்குப் பயிற்சி உண்டு. பழைய பயிற்சி தங்கமான பயிற்சி. விளக்கை அணைப்பார்கள். திரையில் ஐந்து நிறத்தில் ஐந்து கைகள் தெரியும். டீ வரும். பிஸ்கட் வரும். கடைசியில் ஒரு கையெழுத்து. பத்து வருஷம் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிச் சமத்துவவாதி ஆனவன் நான்.

இந்த வருஷம் அடிமடியிலேயே கை வைத்துவிட்டார்கள். இதுதான் எதிர்காலப் பயிற்சியாம். ஹால் கிடையாது, டீ கிடையாது. கம்ப்யூட்டர் கேள்வி கேட்கும். பதிலை நாமே டைப் அடிக்க வேண்டும். அதுவே படித்துப் பார்த்து மார்க்கும் போடும். பாஸாகாதவர்களுக்குப் பதவி உயர்வு இல்லை.

‘காது சரியாகக் கேட்காத ஊழியர் கூட்டத்தில் பேசாமலே இருக்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?’

‘கத்துவேன்’ என்று எழுதினேன். பூஜ்யம்.

‘பிரசவ விடுப்பு முடிந்து வந்தவர், மாலை ஆறு மணிக் கூட்டத்துக்கு வர இயலாது என்கிறார். என்ன செய்வீர்கள்?’

‘பரவாயில்லை, வரவேண்டாம்’ என்று பெருந்தன்மையோடு எழுதினேன். அதற்கும் பூஜ்யம். ‘கூட்டத்தின் நேரத்தை மாற்றலாம் என்று தோன்றவே இல்லையா?’ என்று திரையில் வந்தது. வெறும் எழுத்துதான். ஆனால் என் காதில் அது அச்சு அசலாக என் மனைவியின் குரலில் விழுந்தது.

மூன்று தடவை தோற்றேன். நான்காவதுதான் கடைசி. வீட்டிலிருந்தும் எழுதலாம் என்றார்கள். அங்கேதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யும்போதெல்லாம் எனக்குக் கெட்ட காலம்.

என் மனைவி ஒரு கண் மருத்துவமனையில் ஆறு வருஷம் வரவேற்பில் இருந்தவள். நாற்பது நோயாளிகளை, யாருக்கும் மனம் நோகாமல் வரிசையில் உட்கார வைப்பாள். மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். நான்கு வருஷமாகத் திரும்பப் போகிறேன் என்கிறாள். “பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வரும்போது வீட்டுல யார் இருக்கிறது?” என்று நான் கேட்பேன். பேச்சு அதோடு முடிந்துவிடும். இப்படிப்பட்டவள் வீட்டில் சும்மா இருக்கும்போது நான் ஏன் மூளையைக் கசக்கிக்கொள்ள வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் லேப்டாப்பை அவள் முன்னால் வைத்தேன்.

“இந்தா, உனக்கு ஒரு விளையாட்டு கொண்டு வந்திருக்கேன்.”

“விளையாட்டா? மேல உங்க ஆபீஸ் பேரு போட்டிருக்கு?”

“ஆபீஸ் விளையாட்டு.”

“எத்தனை தடவை தோத்தீங்க?”

“தோக்கறதா? நானா? மூணு.”

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“என்னங்க, ஆரம்பத்துலயே பதினாலு பக்கம் விதிமுறை இருக்கே. படிச்சீங்களா?”

“அதையெல்லாம் எவன் படிப்பான்? கீழே ஒரு டிக் அடிச்சுட்டுப் போயிட்டே இரு.”

“நான் படிக்கிறேன்.”

“படி, படி. உனக்குத்தான் பொழுது போகணுமே.”

நான் சோபாவில் சாய்ந்தேன். அரைமணி கழித்துக் கூப்பிட்டாள்.

“பேக்கிங்ல ஒரு அம்மா இருக்காங்கன்னு சொல்வீங்களே, அவங்க நம்பர் இருக்கா?”

“எதுக்கு?”

“ஒரு பதிலுக்கு அவங்க கஷ்டம் என்னன்னு தெரிஞ்சாத் தேவலை.”

நானே நம்பரைத் தேடிக் கொடுத்தேன். இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். மார்க்குக்காக இவ்வளவு பாடுபடுகிறாளே என்று எனக்கு மனசு உருகிவிட்டது.

“கடைசிக் கேள்விங்க. ‘நீங்கள் மேலாளரானால் முதலில் செய்யும் மாற்றம் என்ன?’”

“உனக்குத் தோணறதை எழுது. கொஞ்சம் தாராள மனசோட எழுது.”

“எழுதிடறேன்” என்றாள். சொன்னபடியே எழுதினாள்.

புதன்கிழமை காலை என்னை மீட்டிங் ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு! எல்லாரும் கைதட்டினார்கள். என்றைக்கும் மத்தியானம் வரும் பேக்கிங் அம்மாகூட அன்று காலையிலேயே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்தாவது நான் உஷாராகியிருக்க வேண்டும். நானோ காலரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

பயிற்சி அதிகாரி அம்மா எழுந்தார். “பதிலை வாங்கி அலமாரியில வைக்கிற காலம் மலையேறிப்போச்சு. ஒன்பதாம் பக்கத்துல இருக்கிறபடி, பாஸானவங்க கடைசிப் பதிலை நிர்வாகம் அப்படியே நடைமுறைப்படுத்தும். சார் எழுதினதைப் படிக்கிறேன், கேளுங்க.”

‘என்னைவிடத் திறமையான ஒருவர், காலையில் வர முடியாத ஒரே காரணத்தால் இந்தப் பதவிக்கு வர முடியவில்லை. ஆகவே பதவியை இரண்டாகப் பிரியுங்கள். மதியம் ஒரு மணி வரை நான் பார்க்கிறேன். அதன் பிறகு அவர் பார்க்கட்டும். மகள் பள்ளியிலிருந்து வரும்போது நான் வீட்டில் இருப்பேன். என் மனைவியும் வேலைக்குப் போவாள். இதைக் கேட்க எனக்கு இத்தனை வருஷம் ஆனதற்கு வெட்கப்படுகிறேன்.’

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இதை நீங்களேதானே எழுதினீங்க?” என்று கேட்டார் அதிகாரி.

நான் திருதிருவென்று விழித்தேன். இல்லை என்றால் தில்லுமுல்லு. உள்ள வேலையும் போகும். ஆமாம் என்றால் அரை நாற்காலி.

“ஆமாங்க. மனசுல இருந்ததை எழுதினேன்” என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்துக்கொண்டேன். காரணம்தான் வேறு.

மறுநாளே பொறுப்பேற்றேன். ஒரு மணிக்குச் சாவியைப் பேக்கிங் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஒன்றரைக்குப் புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்க வீட்டு வாசலில் நின்றேன். கதவு திறந்தது. தோளில் கைப்பை, கழுத்தில் கண் மருத்துவமனையின் அடையாள அட்டை. போட்டோவில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று ஒரு கணம் யோசித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் புருஷன் என்று ஒரு கௌரவம் இருக்கிறதே!

“சதி பண்ணிட்டியே! யாரையும் ஒரு வார்த்தை கேக்காம இப்படியா எழுதறது?”

“கேக்காம எழுதுவேனா? அந்த அம்மாவைக் கேட்டேன். கண் டாக்டரைக் கேட்டேன். நம்ம பொண்ணைக்கூடக் கேட்டேன். சம்பந்தப்பட்ட எல்லாரையும் கலந்துக்கணும்னு அந்தப் பயிற்சியிலேயே இருக்கே.”

“என்னைக் கேட்டியா?”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

“உங்களை எதுக்குங்க கேக்கணும்? எழுதினதே நீங்கதானே!”