ஆண்டார்மேட்டு மெம்பர்

"சுத்துவட்டார கிராமத்தான் ஒருத்தனாவது மெம்பரா இருந்தாத்தான் மானியமாம்டா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான் சிங்காரவேலு.

நெய்வேலி பிளாக் பதினொன்றில் இருந்த விடிவெள்ளி இளைஞர் மன்றத்துக்கு அவன்தான் செயலாளர். மன்றம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கூட்டுறவு ஸ்டோருக்குப் பின்னால் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட், ஒரு கேரம் போர்டு, கிழிந்த வாலிபால் வலை, அவ்வளவுதான். கடலூரில் இருந்த இளைஞர் மன்றக் கூட்டமைப்பு மானியம் கொடுத்தால் புது வலை வாங்கலாம், படிப்பகம் ஆரம்பிக்கலாம். ஆனால் மெம்பர்கள் அத்தனை பேரும் குவார்ட்டர்ஸ் பையன்கள். அப்பாக்கள் திருநெல்வேலியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள்.

"பக்கத்து கிராமம் வடக்குத்துல கேட்டுப் பாத்தியா?" என்றான் பொருளாளர் துரைராஜ்.

"கேக்காம? 'எங்க நெலத்துல வூடு கட்டிக்கினு எங்களையே மெம்பரா சேரச் சொல்றியா'ன்னு நாயை அவுத்து விட்டுட்டாங்க."

"அப்ப நாமளே ஒருத்தனை உண்டாக்கிருவோம். பேரு பன்னீர்செல்வம். ஊரு ஆண்டார்மேடு."

"ஆண்டார்மேடா? அந்த ஊரே நிலக்கரி மைன்ஸுக்குள்ள போயி வருஷக்கணக்காச்சேடா!"

"அதனாலதான் சொல்றேன். எவன் போயி விசாரிப்பான்? விசாரிக்கணும்னா மண்ணைத் தோண்டணும்."

"அதைத்தான் மூணு ஷிப்டும் தோண்டிக்கிட்டு இருக்கோமே!"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். விண்ணப்பம் போயிற்று. பிறகு கடிதம் வந்தது, சிரிப்பு நின்றது. இன்ஸ்பெக்‌ஷன் ஆபீசர் சோமசுந்தரம் வியாழக்கிழமை வருகிறாராம். ஆண்டார்மேட்டு மெம்பரை அவசியம் பார்க்க வேண்டுமாம்.

ஒர்க்‌ஷாப்பில் சிங்காரவேலு இன்னும் டெம்பரரிதான். அந்த மாதம்தான் பர்மனென்ட் ஆர்டர் வர வேண்டும். 'பொய் ஆளைச் சேர்த்தவன்' என்று கூட்டமைப்பிலிருந்து ஒரு வரி எழுதிப் போட்டால் ஆர்டர் போச்சு. ஆர்டர் போனால் கமலாவும் போச்சு. பெண்ணைக் கொடுக்க மாமா போட்டிருந்த ஒரே கண்டிஷன் அந்த பர்மனென்ட்தான்.

டீக்கடை கலியம்மாளிடம் ஓடினார்கள். அவள் தம்பி மகனைப் பன்னீர்செல்வமாக நிறுத்தச் சம்மதம் கேட்டார்கள். இரண்டு பரோட்டாவும் சால்னாவும் கூலி.

"நிக்கறதுக்கு என்ன, நிப்பான். எந்த ஊருக்காரன்னு சொல்லணும்?" என்றாள் அவள்.

"ஆண்டார்மேடு."

டீ ஆற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

"வேணாங்க தம்பி. அந்த ஊரு பேரைச் சொல்லி யாரும் கூப்புடறது இல்ல. நீங்க கூப்புட்டுட்டீங்களா?"

"சும்மா பேருதானே ஆயாம்மா."

"சும்மாதான் கூப்புட்டீங்க. வர்றவங்க சும்மாவா வருவாங்க?" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். பரோட்டா யோசனை அதோடு போயிற்று.

வியாழக்கிழமை காலை பையன்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தபோதே ஆபீசர் வந்துவிட்டார். சித்திரை வெயில் கொளுத்தியது. மைன்ஸ் பக்கமிருந்து காற்று அடித்து மேஜை, நாற்காலி, மனுஷன் தலை என்று பார்க்காமல் பழுப்புத் தூசியைக் கொட்டியிருந்தது. ஆபீசரின் வெள்ளைச் சட்டையில் மட்டும் ஒரு பொட்டுத் தூசி இல்லை. கொடுத்து வைத்தவர், ஜீப்பில் வந்திருப்பார் என்று சிங்காரவேலு நினைத்துக்கொண்டான்.

"பன்னீர்செல்வம் எங்கப்பா?" என்றார் அவர், மெதுவாக.

"செகண்ட் ஷிப்ட் சார்."

"செகண்ட் ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருக்கே?"

"அது வந்து... காய்ச்சல் சார். வீட்ல படுத்திருக்கான்."

"அப்ப வீட்டுக்கே போயிப் பாத்துடலாம். ஆண்டார்மேடுதானே? எனக்கு வழி தெரியும்."

வழி தெரியுமாமே! அந்த வழியே பள்ளத்துக்குள் அல்லவா கிடக்கிறது! சிங்காரவேலுவின் வாய் உளறிவிட்டது.

"செத்துட்டான் சார்!"

துரைராஜ் வாயைப் பிளந்தான். ஆபீசர் மட்டும் அசையவில்லை.

"எப்போ?"

"நே... நேத்து சார்."

"மெம்பர் நேத்து செத்திருக்கான், இன்னிக்கு நீங்க கேரம் ஆடுறீங்க. ஓர் அஞ்சலி கிடையாதா?"

அட கஷ்டகாலமே! இல்லாத ஆளுக்கு எல்லோரும் எழுந்து, தலை குனிந்து மௌனமாக நின்றார்கள். அந்த நேரம் பார்த்து மைன்ஸ் இரைச்சல் நின்றது. நெய்வேலிக்காரர்களுக்கு அந்த இரைச்சல் எப்போதும் காதில் விழாது. நின்றால்தான் விழும்.

வாசலில் நிழல் தட்டியது.

"மன்னிச்சிக்கிங்க, நேரமாயிடுச்சி" என்றபடி ஓர் ஆள் உள்ளே வந்தான். இருபது வயது இருக்கும். தோளில் துண்டு. வரிசையின் கடைசியில் தானும் தலை குனிந்து நின்றுகொண்டான். அந்த வெயிலிலும் அவன்மேல் ஈரமண் வாசனை அடித்தது. பக்கத்தில் நின்ற துரைராஜின் காதில் மெதுவாகக் கேட்டான்.

"யாருக்குங்க அஞ்சலி?"

"பன்னீர்செல்வத்துக்கு."

"எந்தப் பன்னீர்செல்வம்?"

"ஆண்டார்மேடு."

"அய்ய, நாந்தாங்க அது!"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆபீசர் சிங்காரவேலுவைத் திரும்பிப் பார்த்தார். அவனுக்குக் கமலாவின் முகம் கண்ணுக்குள் வந்து போயிற்று.

வந்தவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "செயலாளரைக் கோவிச்சிக்காதீங்க சார். ஊரே போயிடுச்சி, ஆளு மட்டும் கீறான்னா யாரு நம்புவா? இத்தினி நாளா எங்களை யாருமே கூப்புடல. இவுங்க மெம்பரா சேத்துக்கினாங்க. எனக்கு ரொம்ப சந்தோஷங்க."

ஆபீசர் அவன் பக்கம் திரும்பினார். "எனக்குப் புரியுது தம்பி. ஒருத்தர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நம்மால வராம இருக்க முடியுதா?"

"முடியலீங்களே."

"மானியம் கெடைச்சுரும், கவலைப்படாதே" என்று சிங்காரவேலுவிடம் சொல்லிவிட்டு ஆபீசர் கிளம்பினார். "பன்னீர்செல்வம், நானும் அந்தப் பக்கம்தான். பேசிக்கிட்டே போவோமா?"

இரண்டு பேரும் பேசிக்கொண்டே மைன்ஸ் ரோட்டில் நடந்தார்கள். அவர்கள் திருப்பத்தில் மறைந்ததும் இரைச்சல் மறுபடி கேட்க ஆரம்பித்தது.

சிங்காரவேலு துரைராஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "வயித்துல பால வாத்தடா! எங்கடா புடிச்ச அந்த ஆளை? என்னமா நடிச்சான்!"

"நானா? நீ புடிச்ச ஆளுன்னுல்ல நான் நெனச்சேன்!"

இருவரும் ஒரே சமயத்தில் பன்னீர்செல்வம் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார்கள். அதன்மேல் தூசி காலையில் படிந்தது படிந்தபடி கிடந்தது. ஒரு விரல் பட்ட அடையாளம்கூட இல்லை. துரைராஜ் பொருளாளர் பதவியை அங்கேயே ராஜினாமா செய்துவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

பர்மனென்ட் ஆர்டர் வந்தது. மாமா நாள் பார்த்துவிட்டார். சிங்காரவேலுவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. ஷெட்டுக்குள் தனியாகப் போகவே பயந்தான். அன்றைக்கு அந்த ஈரமண் வாசனை தனக்கு மட்டும்தான் அடித்ததா, ஆபீசருக்கும் அடித்ததா என்று அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் மனசு ஆறும். படித்த மனுஷர், விவரம் தெரிந்தவர், அவர் 'எல்லாம் பிரமை' என்று சொன்னால் போதும்.

மானிய செக்கை எடுத்துக்கொண்டு கடலூரிலிருந்து கூட்டமைப்பு பியூன் ராமசாமி வந்தார். வேட்டி, சட்டை, மீசை எல்லாம் பழுப்புத் தூசி. பார்க்கவே சிங்காரவேலுவுக்குத் தெம்பாக இருந்தது. நாற்காலியைத் துடைத்து உட்கார வைத்து, டீயும் வரவழைத்துக் கொடுத்தான்.

"அண்ணே, ஒரு உதவி. சோமசுந்தரம் சாரை நான் நேர்ல பாக்கணும். எப்ப ஆபீஸ்ல இருப்பாரு?"

"எந்த சோமசுந்தரம்?"

"இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தாரே, அவருதாண்ணே."

டீயைக் குடித்து முடித்துவிட்டு ராமசாமி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"வந்தாரா? என்னா தம்பி வெளையாடறீங்க! ஊரு ஊரா போயிப் பாக்க எங்ககிட்ட ஏதுங்க ஆளு? கடுதாசி மட்டும்தான் போவும். சோமசுந்தரம்னு எங்க ஆபீசுல யாருமே கெடையாதுங்க, போயிப் பாத்ததா கணக்குக் காட்ட நாங்களா போட்டு வச்ச பேரு அது!"