செக்கிங் மாமாவும் ஒரு கொத்து வேப்பிலையும்

துடியலூரில் இருமலுக்குப் பயந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. இருமல் பயந்தது ஒரே ஒருவருக்குத்தான்: எங்கள் காம்பவுண்டு செக்கிங் மாமாவுக்கு.

பம்ப்செட் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஓட்டை விழுந்த இரும்பு வார்ப்புகளை ஒதுக்கித் தள்ளியே வாழ்ந்த கை சும்மா இருக்குமா? மனிதர்களை ஒதுக்க ஆரம்பித்தது. காம்பவுண்டு கேட் ஓரமாக ஒரு பக்கெட், ஒரு சோப்பு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. யார் வந்தாலும் கை கழுவி, இரண்டு பக்கமும் திருப்பிக் காட்ட வேண்டும். நகத்தில் அழுக்கென்றால் "ரீவொர்க்!", மறுபடி கழுவ வேண்டும். மூக்கு ஒழுகினால் "ரிஜெக்ட்!" தேறினால் மட்டும் "பாஸு."

என் குழந்தையைப் பார்க்க கணவரின் பெரியப்பா கிணத்துக்கடவிலிருந்து இளநீர்க் குலையோடு வந்தார். கேட்டிலேயே இரண்டு தும்மல் போட்டுவிட்டார்.

"ஏனுங்க, சளிங்களா?"

"இல்லீங்க, வர்ற வழியில மொளகா மண்டி. நெடிங்க."

"மொளகாத் தும்மல் ஒண்ணோட நின்னுபோடுமுங்க. நீங்க ரெண்டாவதும் போட்டுப்போட்டீங்க. எளநி உள்ள போகட்டும், நீங்க கொஞ்ச நாள் பொறவு வாங்க."

குலை உள்ளே வந்தது. பெரியப்பா பஸ் ஏறினார். "உங்க காம்பவுண்டுக்கு வர விசா வாங்கோணுமாட்ட இருக்குது" என்று போனில் ஒரு பாட்டம் திட்டினார். எனக்கு உள்ளூர நிம்மதி. பொறுப்பானவள் என்று எனக்குப் பெயர். அடுப்பை அணைத்தேனா என்று பாதிப் படியில் திரும்பி ஓடுகிற பயம்தான் அந்தப் பொறுப்பு.

மகளுக்கு ஒன்பது மாதம் நிறைந்தது. தட்டம்மைத் தடுப்பூசி போட வேண்டும். அன்று பார்த்து அவளுக்கு மூக்கு ஒழுகியது. "லேசான சளிதானுங்க, காய்ச்சல் இல்லைன்னா கூட்டிட்டு வாங்க" என்றார் சுகாதார நிலைய நர்ஸம்மா. "சளியோட ஊசியா? வேண்டாம் கண்ணு" என்றார் ஊரிலிருந்து மாமியார். செல்போனில் தேடினேன், அது இருந்த கொஞ்சம் தைரியத்தையும் பிடுங்கிக்கொண்டது. அடுத்த வாரம் போகலாம் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அதற்குள் பக்கத்து வீதியில் ஒரு குழந்தைக்குத் தட்டம்மை.

மாமாவிடம் போய்ப் புலம்பினேன். "ஊசி போடற வரைக்கும் யாரும் இவகிட்ட வராம இருந்தாப் போதுங்க மாமா."

"நான் பாத்துக்கறனுங்க அம்மணி."

மறுநாள் காலை பால்காரர் பாலைப் படியிலேயே வைத்துவிட்டு ஓடினார். வேலைக்கு வரும் அக்கா வாசலைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார். சற்று நேரத்தில் மாமியார் போனில் அழுதார்: "ஏங் கண்ணு என்கிட்ட மறைச்சே? அம்மா வந்த ஊட்ல தாளிக்கக் கூடாது, தெரியுமல்லோ? கடுகை எடுத்து ஒளிச்சு வை!"

அம்மா என்றால் அம்மை. பெற்றவளுக்குத் தெரியாமல் ஊருக்குத் தெரிந்துவிட்டதா? குழந்தையின் சட்டையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கொசுக்கடியும் அம்மையாகத் தெரிந்தது. சேதி எட்டி நர்ஸம்மாவே வந்துவிட்டார். மேலும் கீழும் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லீங்களே! அப்புறம் வாசல்ல வேப்பிலை யாரு கட்டுனது?"

அப்போதுதான் வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தேன். நிலைக்கு மேலே பச்சையாக ஒரு கொத்து.

"நாந்தானுங்க" என்றது கேட்டிலிருந்து ஒரு குரல்.

"மாமா, இது அம்மை வந்த ஊட்ல கட்டறதுங்க!"

"வந்த பொறவு கட்டி என்னத்துக்குங்க? 'உள்ளே வராதீர்'னு போர்டு வெச்சா நம்மாளு உள்ள வந்து நின்னு படிப்பான். வேப்பிலையப் பாத்தா படியேறுவானுங்களா?"

நர்ஸம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "வேப்பிலை ஆளுங்களைத்தான் நிறுத்தும். அம்மையை நிறுத்த ஊசிதானுங்க. நாளைக்கு வந்துருங்க."

மறுநாள் செருப்பை மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். மாமா ஆட்டோவோடு நின்றார்.

"மூக்கு இன்னும் நிக்கலீங்க மாமா..."

"அதைச் சொல்ல வேண்டியது நர்ஸம்மாங்க. செக்கிங்கைச் செக்கிங் பண்றவீங்ககிட்ட உடுங்க. ஏறுங்க அம்மணி."

ஏறினேன். சுகாதார நிலையத்தில் ஊசியைக் கண்டதும், ஊரையே ரிஜெக்ட் செய்த மனிதர் சுவரோடு ஒட்டிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினார். குழந்தை வீறிட்டதைவிட அவர் "ஐயோ சாமி!" என்றது பலமாகக் கேட்டது. அவரைத் தேற்றுவதில் நான் பயப்பட மறந்தேன்.

திரும்பி வந்ததும் தன் பக்கெட்டில் தானே கை கழுவினார். இரண்டு பக்கமும் திருப்பி என்னிடம் காட்டினார். அத்தனை மாதங்களில் அவர் என் மகளைத் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"பாஸுங்க மாமா" என்றேன்.

ஒரே ஒரு விரலால் அவள் பாதத்தைத் தொட்டார். வேப்பிலையை மட்டும் அவிழ்க்கவில்லை. "மருந்து புடிக்கக் கொஞ்ச நாள் ஆகுமாமுங்க. நர்ஸம்மாகிட்டக் கேட்டுப்போட்டேன்."

இப்போது நாங்கள் வேறு வீட்டில் இருக்கிறோம். இங்கே கேட்டில் யாரும் நிறுத்துவதில்லை. அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது. வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம், வளர்ந்துவிட்ட மகள் பழைய பழக்கத்தில் இரண்டு கைகளையும் காற்றில் திருப்பிக் காட்டுகிறாள். "பாஸு" என்ற குரலுக்காக ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறோம்.